எழுத்துச் சரத்திலிருந்து புரத உருவம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைந்த நீண்ட சங்கிலி. இயற்கை அதற்குப் பெரும்பாலும் 20 வகை அமினோ அமிலங்களையே பயன்படுத்துகிறது. வகைக்கு ஓர் எழுத்து என்று ஒதுக்கினால் எந்தப் புரதத்தையும் ஒற்றை வரியில் எழுதிவிடலாம். இன்சுலினுக்கு இரு சங்கிலியும் சேர்த்து 51 எழுத்து. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் அல்பாச் சங்கிலிக்கு 141 எழுத்து. ஆனால் கலத்துக்குள் புரதம் வரியாக நீண்டு கிடப்பதில்லை. வளைந்து, சுருண்டு, மடிந்து தனக்கென ஒரு முப்பரிமாண உருவத்தை எடுத்துக்கொள்கிறது. வேலை செய்வது அந்த உருவந்தான். நொதியத்தின் குழிக்குள் சர்க்கரை மூலக்கூறு பொருந்துவதும், நாகத்தின் நஞ்சு தசையிலுள்ள வாங்கியில் போய் ஒட்டிக்கொள்வதும் உருவம் பொருந்துவதால் நடப்பவை. எழுத்து வரியை மட்டும் கொடுத்து உருவத்தைக் கணினியிடம் கேட்பதைப் புரதக் கட்டமைப்புக் கணிப்பு என்கிறார்கள். இன்று அதற்குப் பேர்போன மென்பொருள் அல்பாஃபோல்ட். அது நிற்கும் அடித்தளக் கணக்குகளில் முக்கியமான ஒன்று 1963இல் சென்னையில் போடப்பட்டது.

வரியிலிருந்து உருவத்தைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கரான கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரைபோநியூக்கிளியேஸ் என்ற 124 அமினோ அமில நொதியத்தை யூரியாக் கரைசலில் இட்டு, அதை இறுக்கிப் பிடித்திருந்த இருசல்பைட்டுப் பிணைப்புகளையும் உடைத்தார். மடிப்பு முழுதும் குலைந்தது. நொதியம் செயலற்றுப் போனது. பின்னர் யூரியாவை மெல்ல அகற்றியபோது சங்கிலி தானாகவே பழைய உருவத்துக்குத் திரும்பி மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. அந்தப் புரதத்தில் எட்டுச் சிஸ்தீன்கள் உள்ளன. எட்டையும் இரண்டிரண்டாகச் சோடி சேர்க்க 105 வழிகள் உண்டு. சங்கிலி அவற்றில் சரியான ஒன்றையே தேர்ந்தது. அச்சு எதுவும் வைத்து அழுத்தாமல் இது நடந்ததென்றால், உருவத்துக்கு வேண்டிய தகவல் முழுவதும் அமினோ அமில வரிசைக்குள்ளேயே இருக்க வேண்டும். அன்ஃபின்சனுக்கு 1972இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாப் புரதங்களும் இவ்வளவு சமத்தாக மடிவதில்லை. பலவற்றுக்குக் கலத்துக்குள் வேறு புரதங்களின் துணை தேவைப்படுகிறது. ஆயினும் கணிப்பு வேலைக்கு இறங்கியவர்கள் எல்லாரும் இந்தப் பரிசோதனையை நம்பியே இறங்கினார்கள்.

சென்னைக் கதை ஒரு கங்காருவின் வால் நாணில் தொடங்குகிறது. கோ.நா. இராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி.வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வை முடித்துவிட்டு, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்குத் தலைவராக வந்தபோது வயது முப்பதுதான். துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் இளையவர் என்று பார்க்காமல் துறையை அவர் கையில் கொடுத்தார். எக்ஸ்-கதிர்ப் பளிங்கியலுக்கு ஆய்வுகூடம் எழுந்தது. அக்காலத்தில் சென்னைக்கு வந்த பிரித்தானியப் பளிங்கியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் பிடிபடாமலே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலுக் கொடுப்பது கொலாஜன். விலங்குடலில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் அதுவே. கங்காருவின் வால் நாணிலுள்ள கொலாஜன் நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் எக்ஸ்-கதிர்ப் படம் தெளிவாக விழும். அதை அவுஸ்திரேலியாவிலிருந்து வருவித்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து படமெடுத்த இராமச்சந்திரன், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய வடிவத்தை 1954இல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார். ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசினாக இருப்பதற்கும் அதில் விடை இருந்தது. மூன்று சங்கிலிகளும் சந்திக்கும் நடுவில் இடம் மிகக் குறுகல். எல்லாவற்றிலும் சிறிய கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கே அடங்காது.

மறு ஆண்டில் அந்த வடிவம் திருத்தப்பட்டது. அதோடு விமர்சனமும் வந்தது. டீ.என்.ஏ.யின் கட்டமைப்பைக் கண்டு பேர்பெற்றிருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், மூன்று சங்கிலிப் பின்னலை ஏற்றுக்கொண்டு, அதிலுள்ள சில அணுக்கள் மிக நெருங்கிக் கிடக்கின்றன என்றார்கள். விஞ்ஞானத்தில் இத்தகைய குறை கூறல்கள் பெரும்பாலும் கசப்பில் முடியும். இது முடிந்த விதம் வேறு. பிணைப்பில்லாத இரு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்ற கேள்விக்கே அன்று துல்லியமான விடை கிடையாது என்பதை இராமச்சந்திரன் கண்டார். கட்டமைப்பு அறியப்பட்ட சிறு மூலக்கூறுகளின் பளிங்குகளை எல்லாம் புரட்டி, காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையே எவ்வளவு, நைதரசனுக்கும் ஐதரசனுக்கும் இடையே எவ்வளவு என்று ஒவ்வொரு சோடிக்கும் குறைந்தபட்ச இடைவெளியைப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அவரும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் புரதச் சங்கிலியையே ஆராயத் தொடங்கினார்கள்.

புரதச் சங்கிலியில் அடுத்தடுத்த அமினோ அமிலங்களைச் சேர்ப்பது பெப்தைட்டுப் பிணைப்பு. அந்தப் பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில் தட்டையாக இருக்கும், முறுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சங்கிலியின் முதுகெலும்பு திரும்பக்கூடிய இடங்கள் இரண்டே. நடுக்காபனுக்கு ஒரு பக்கத்தில் ஒரு முறுக்கம், மறுபக்கத்தில் ஒரு முறுக்கம். முதலாவது கோணம் ஃபை, இரண்டாவது சை. ஒவ்வொன்றும் –180 பாகையிலிருந்து 180 பாகை வரை மாறலாம். எல்லா அமினோ அமிலங்களுக்கும் இந்த இரு எண்களையும் கொடுத்துவிட்டால் சங்கிலியின் முழுப் போக்கும் தீர்மானமாகிவிடும். முப்பரிமாணச் சிக்கல் ஒன்று எண் சோடிகளின் வரிசையாகச் சுருங்குகிறது.

மூவரும் ஃபையைக் கிடையச்சிலும் சையை நிலையச்சிலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் எங்கே போய் நிற்கும், எந்தச் சோடி முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். அப்போது அவர்களிடம் கணினி இல்லை. மேசைக் கணிப்பானும் பொறுமையும் இருந்தன. முட்டும் இடங்களை எல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் சதுரத்தின் ஏறத்தாழ முக்காற்பங்கு வெறுமையாகிறது. மிஞ்சுபவை சில தீவுகள். மேல் இடப்பக்கத்தில் ஒரு பெருந்தீவு. நீட்டி விரிந்த பீட்டாத் தாள்களின் கோணங்கள் அங்கே விழுகின்றன. அதற்குக் கீழே இன்னொன்று; வலஞ்சுழி அல்பாச் சுருளி அதற்குரியது. வலப்பக்கத்தில் இடஞ்சுழிச் சுருளிக்கு ஒரு சிறு திட்டு. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட பரப்பு தாராளம். வளையத்தில் பிணைந்த புரோலினுக்கு மிகவும் குறைவு. இந்த வரைபடம் 1963இல் ‘ஜேர்னல் ஒஃப் மொலிக்குலர் பயோலொஜி’யில் ஐந்தே பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

அந்த நேரத்தில் அணுத் தெளிவோடு அறியப்பட்டிருந்த புரதம் மயோகுளோபின் போல ஒன்றிரண்டே. ஆகவே வரைபடம் புரதங்களைப் பார்த்து வரையப்பட்டதன்று. பிறகு ஆயிரக்கணக்கில் தீர்க்கப்பட்ட புரதங்களின் கோணங்கள் வந்து அந்தத் தீவுகளிலேயே விழுந்தன. உயிரியலில் இவ்வாறு முன்கூட்டிச் சொல்லிப் பலித்தவை அதிகமில்லை. இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை என்ற மனக்குறை இந்திய விஞ்ஞானிகளிடம் நீண்டகாலமாக உண்டு. குறைப்பட நியாயம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்குச் சென்று மூலக்கூற்று உயிர்ப்பௌதிக அலகைத் தொடங்கிய அவர், 2001இல் சென்னையில் காலமானார்.

வரைபடம் எது நடக்காது என்று சொல்கிறது. எது நடக்கும் என்று சொல்ல அது மட்டும் போதாது. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் தீவுகள் மூன்று என்று எளிமையாக வைத்துக்கொண்டாலும், 100 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்துக்கு மூன்றை நூறு தடவை பெருக்கிய அளவுக்கு உருவங்கள் சாத்தியம். 5ஐ எழுதி அதன் பின்னால் 47 சைபர் போட்டால் வரும் எண் அது. ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் கோடி உருவங்களைச் சோதித்தாலும் முடிப்பதற்குப் பிரபஞ்சத்தின் வயதைப் போலக் கோடானுகோடி மடங்கு காலம் வேண்டும். ஆனால் உண்மைப் புரதங்கள் செக்கன்களிலும் அதற்குக் குறைவான நேரத்திலும் மடிகின்றன. 1969இல் சைரஸ் லெவிந்தால் சுட்டிக்காட்டிய இந்த முரண், ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது வழியாகாது என்பதைத் தெளிவாக்கியது. சங்கிலியை ஏதோ ஒன்று சரியான திசைக்கு இழுக்கிறது.

அந்த இழுவையில் பெரும்பங்கு நீர்வெறுப்புக்கு. எண்ணெய்த் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நீரிலிருந்து ஒதுங்கிப் புரதத்தின் உள்ளே கூடுகின்றன. மின்னேற்றம் உள்ளவை வெளியே நிற்கின்றன. இதை எண்ணாக்கும் முயற்சியிலும் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. பி. மணவாளனும் பி.கே. பொன்னுசாமியும் ஒவ்வொரு அமினோ அமிலத்தைச் சுற்றியும் 0.8 நனோமீற்றர் ஆரைக்குள் எவை குடியிருக்கின்றன என்று அறியப்பட்ட புரதங்களில் எண்ணி, சூழலின் நீர்வெறுப்புக்கு ஓர் அளவுகோலை 1978இல் ‘நேச்சரில்’ வெளியிட்டார்கள். தனி அமினோ அமிலத்தின் குணத்தை மட்டும் பாராமல் அதன் அயலாரையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தது அதன் சிறப்பு. பொன்னுசாமியின் திருச்சிராப்பள்ளிக் குழுவிலிருந்து வந்த மா. மைக்கேல் குரோமிகா, விகாரங்களால் புரதத்தின் உறுதி எப்படி மாறுகிறது என்ற அளவீடுகளைத் திரட்டிய ‘புரோதேர்ம்’ தரவுத்தளத்தை ஜப்பானில் இருந்தபோது உருவாக்கியவர்களில் ஒருவர். பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

மற்றப் பக்கத்தில் கணினிக்காரர்கள் பல வழியாக மோதிக்கொண்டிருந்தார்கள். எந்த அமினோ அமிலம் சுருளியை விரும்புகிறது, எது தாளை விரும்புகிறது என்று சராசரி பார்த்து ஊகிக்கும் சூ–பாஸ்மன் முறை 1974இல் வந்தது. அது பாதிக்குச் சற்று மேலே சரியாகச் சொல்லும், அவ்வளவுதான். ஒத்த வரிசையுள்ள புரதம் ஒன்றின் உருவம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதை வார்ப்பாக வைத்து மற்றதைக் கட்டலாம். 1993இல் வந்த ‘மொடலர்’ இதற்கு நெடுங்காலம் கைகொடுத்தது. வார்ப்பே இல்லாத புரதங்கள்தான் தலையிடி. அமெரிக்காவில் டேவிட் பேக்கரின் குழு எழுதிய ‘ரொசெற்றா’, அறியப்பட்ட புரதங்களிலிருந்து மூன்று, ஒன்பது அமினோ அமில நீளத் துண்டுகளை எடுத்து மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, ஆற்றல் குறைந்த உருவத்தைத் தேடியது. கணக்குப் பளு தாங்காமல் உலகெங்கும் தொண்டர்களின் வீட்டுக் கணினிகளை இரவல் வாங்கினார்கள். 2008இல் அதை ‘ஃபோல்டிட்’ என்ற விளையாட்டாகவும் மாற்றினார்கள்.

யார் சரியாகக் கணிக்கிறார் என்பதற்கு நடுவர் வேண்டியிருந்தது. ஜோன் மோல்ட் முதலியோர் 1994இல் தொடங்கிய காஸ்ப் போட்டி ஈராண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. ஆய்வுகூடத்தில் அப்போதுதான் தீர்க்கப்பட்டு இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் எழுத்து வரிசை மட்டும் போட்டியாளருக்குத் தரப்படும். கணிப்புகள் வந்து சேர்ந்த பின்னர் உண்மை உருவத்தோடு ஒப்பிட்டு 100க்குப் புள்ளி போடுவார்கள். விடை போட்டியாளர் யாருக்கும் தெரியாத வினாத்தாள் என்பதால் தற்பெருமைக்கு அங்கே இடமில்லை. கடினமான புரதங்களில் முதலிடம் பெற்றவர்களுக்கே 40 அளவில்தான் புள்ளி என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

திருப்பம் பரிணாமத்திலிருந்து வந்தது. ஒரே புரதம் மனிதரிலும் மாட்டிலும் மீனிலும் பற்றீரியாவிலும் சிறு சிறு வேறுபாட்டோடு இருக்கும். அந்த வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், சில இடங்கள் சேர்ந்தே மாறுவது தெரியும். 23ஆம் இடத்தில் பெரிய அமினோ அமிலம் வந்த இனங்களில் எல்லாம் 87ஆம் இடத்தில் சிறியது வந்திருக்கும். மாட்டுவண்டிலின் அச்சு தடித்தால் சில்லுக் குடத்தின் துளையும் அகல வேண்டியதுபோல, ஒன்றையொன்று தொடும் பாகங்கள் தனித்தனியே மாற முடியாது. ஆகவே சேர்ந்து மாறும் இரு இடங்கள் எழுத்து வரியில் எவ்வளவு தள்ளியிருந்தாலும் மடிந்த உருவத்தில் அருகருகே இருக்க வாய்ப்பு மிக அதிகம். யோசனை பழையது. அதைக் கணக்காக்கத் தடையாக இருந்தவை இரண்டு: போதிய வரிசைகள் கையில் இல்லை, ‘அ’ இ-யைத் தொட, ‘இ’ உ-வைத் தொட, அதனால் ‘அ’வும் ‘உ’வும் சேர்ந்து மாறுவதுபோலக் காட்டும் போலித் தொடர்புகளைக் கழிக்கத் தெரியவில்லை. மரபணுத்தொகை வாசிப்பு மலிந்ததும் முதல் தடை நீங்கியது. 2011ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெபோரா மார்க்ஸ், கிறிஸ் சாண்டர் முதலியோர் புள்ளியியல் வழியில் இரண்டாவதையும் பெருமளவு நீக்கினார்கள்.

இந்த இடத்தில் இலண்டனின் டீப்மைண்ட் நிறுவனம் உள்ளே வந்தது. 2018 காஸ்ப் போட்டியில் முதலிடம் பெற்ற முதலாவது அல்பாஃபோல்ட், வரிசை அடுக்கைப் படித்து இரண்டு விடயங்களைக் கணித்தது. ஒவ்வொரு அமினோ அமிலச் சோடிக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்று. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஃபையும் சையும் எந்தெந்த மதிப்பில் இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவு மற்றொன்று. பிறகு அந்தத் தூரங்களுக்கும் கோணங்களுக்கும் இணங்கும் வரை சங்கிலியை முறுக்கிச் சரிசெய்தது. சென்னையின் சதுரம் 55 ஆண்டு கழித்து நரம்பு வலையமைப்பு ஒன்றின் விடைத்தாளாக வந்து நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

2020இல் வந்த இரண்டாவது அல்பாஃபோல்ட் முழுக்க வேறு வடிவமைப்பு. வரிசை அடுக்குக்கு ஓர் அட்டவணை, சோடிகளுக்கு ஓர் அட்டவணை என இரண்டை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறது. சோடி அட்டவணையில் முக்கோண விதி ஒன்று இயங்குகிறது: முதலாவதிலிருந்து இரண்டாவதும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதும் இருக்கும் தூரம் தெரிந்தால், முதலாவதிலிருந்து மூன்றாவது எந்தத் தூரத்திலும் இருந்துவிட முடியாது. இவ்வகையான 48 கட்டங்களைத் தாண்டிய பின்னரே உருவம் கட்டும் பகுதி தொடங்குகிறது. அங்கே ஒரு வினோதம். ஒவ்வொரு அமினோ அமிலமும் வெளியில் மிதக்கும் தனித்தனி முக்கோணமாகவே முதலில் நடத்தப்படுகிறது. சங்கிலி என்ற கட்டுப்பாடே இல்லை. எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து கிடந்து, பிறகு படிப்படியாகத் தத்தம் இடத்துக்குப் பிரிந்து போகின்றன. பெப்தைட்டுப் பிணைப்பின் நீளம் பிழைத்தாலோ அணுக்கள் முட்டினாலோ பயிற்சியின் பிற்பகுதியில் தண்டம் விதித்துப் பழக்குகிறார்கள். கடைசியில் எஞ்சும் சிறு உரசல்களைப் பௌதிகவியல் மென்பொருள் ஒன்று தளர்த்திவிடுகிறது.

பயிற்சிக்கு எடுத்தவை உலகப் புரதத் தரவு வங்கியின் ஏறத்தாழ 170,000 உருவங்கள். அந்த வங்கி 1971இல் ஏழே உருவங்களோடு தொடங்கியது. எக்ஸ்-கதிர், காந்தப் பரிவு, குளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி என்று பல வழிகளில் ஆய்வாளர்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உழைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்த செல்வம் அது. எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருந்ததால்தான் ஒரு தனியார் நிறுவனம் அதில் பயிற்சி கொடுக்க முடிந்தது. மென்பொருளின் புகழைப் பேசுபவர்கள் இந்த வங்கியை ஒரு வரியில் கடந்துபோவது நேர்மையாகாது.

2020 காஸ்ப் போட்டியில் அல்பாஃபோல்ட்டின் இடைநிலைப் புள்ளி 92.4. பல புரதங்களில் கணிப்புக்கும் பரிசோதனைக்கும் உள்ள வேறுபாடு பரிசோதனைப் பிழையின் அளவுக்கே வந்துவிட்டது. மறு ஆண்டு யூலையில் நிரல் வெளியிடப்பட்டது. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தோடு சேர்ந்து மனிதப் புரதங்களின் கணிப்புகளும் வெளியாகின. 2022 யூலையில் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் உருவம் இணையத்தில் இருந்தது. பேக்கரின் குழு அல்பாஃபோல்ட் கட்டுரையோடு ஒரே காலத்தில் ‘ரொசெற்றாஃபோல்ட்’டை வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசில் பாதி பேக்கருக்கும், மறுபாதி டீப்மைண்ட்டின் டெமிஸ் ஹசாபிசுக்கும் ஜோன் ஜம்பருக்கும் போனது.

பேக்கருக்குப் பரிசு புரத வடிவமைப்புக்காக. உருவத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கு மடியக்கூடிய எழுத்து வரிசையைக் கண்டுபிடிக்கும் எதிர்த்திசை வேலை அது. வயலில் பாம்பு கடித்துப் பழகிய நாட்டுக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாகத்தின் நஞ்சில் மூவிரல் நச்சுகள் எனப்படும் 60–70 அமினோ அமிலச் சிறு புரதங்கள் உள்ளன. தசையை முடக்கி மூச்சை நிறுத்துபவை அவை. அவற்றைப் பற்றிக்கொண்டு வாங்கியில் ஒட்டவிடாமல் தடுக்கும் செயற்கைப் புரதங்களைக் கணினியில் வடிவமைத்து, கொல்லும் அளவு நச்சேற்றிய எலிகளுக்குக் கொடுத்து 80 முதல் 100 சதவீதம் வரை உயிர்தப்ப வைத்ததாகப் பேக்கரின் குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் 2025 ஜனவரியில் ‘நேச்சரில்’ எழுதினார்கள். மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை. புடையன் பாம்பின் நஞ்சு வேறு வகைப் புரதங்களின் கலவை என்பதால் அதற்கு இந்தச் செயற்கைப் புரதங்கள் எடுபடா.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட மூன்றாவது அல்பாஃபோல்ட், புரதத்தோடு டீ.என்.ஏ., ஆர்.என்.ஏ., உலோக அயன், மருந்து மூலக்கூறு ஆகியவை சேர்ந்து நிற்கும் நிலையையும் கணிக்கிறது. இரண்டாவது பதிப்பில் ஈமோகுளோபினைக் கேட்டால் ஒட்சிசனைப் பிடிக்கும் ஈம் இல்லாத வெறுங்குழிதான் வரும். இப்போது ஈமோடு வரும். ஆனால் முதலில் நிரலை வெளியிடாமல் கட்டுரையை மட்டும் வெளியிட்டதால் கடும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் கல்வி ஆய்வுக்கென்று மட்டும் தரப்பட்டது. ‘போல்ட்ஸ்’ போன்ற திறந்த மென்பொருள்களும் அதே பாதையில் இறங்கின. புதிய முறையில் புதிய பிழைகளும் உண்டு. ஒழுங்கற்றுத் தொங்க வேண்டிய பகுதிகளை அழகான சுருளியாகக் கற்பனை செய்துவிடுகிறது. சோதனைத் தொகுதி ஒன்றில் 4.4 சதவீதமானவற்றில் மூலக்கூறின் இடம்–வலத்தையே மாற்றிப் போட்டிருந்தது. இத்தகைய பிழைகளைப் பிடிக்க இன்றும் முதலில் எடுக்கப்படும் கருவிகளில் ஒன்று 1963ஆம் ஆண்டுச் சதுரந்தான். தரவு வங்கியில் சேரும் ஒவ்வொரு புரதத்துக்கும் தரப்படும் சரிபார்ப்பு அறிக்கையில் எத்தனை அமினோ அமிலங்கள் தீவுகளுக்கு வெளியே கிடக்கின்றன என்ற கணக்கு கட்டாயம் இருக்கும்.

கணிப்பை எப்படி வாசிப்பது என்பதற்கு இலங்கையின் வன்னிக்குப் பொருந்தும் புரதம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டையைச் சூழ்ந்த வயல்கள் இரணைமடுக் குளத்தின் கீழுள்ளவை. காலபோகத்தில் மழை மிஞ்சினால் இளம்பயிர் வெள்ளத்தில் மூழ்குவது இப்பகுதிக்குப் புதிதன்று. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் இரண்டுமே பெருவெள்ளத்தைக் கண்டன. முழுதாக மூழ்கிய நெல் ஒளியைத் தேடி அவசரமாக நீண்டு, கையிருப்புச் சர்க்கரையைத் தீர்த்துச் செத்துப்போகும். சில பழைய இனங்கள் அப்படிச் செய்வதில்லை. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு இரண்டு வாரம் வரை காத்திருந்து, வெள்ளம் வடிந்ததும் தளிர்க்கின்றன. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ அவற்றில் ஒன்று. இலங்கையில் திரட்டப்பட்ட குர்க்கறுப்பன், கொட ஹீனட்டி போன்றவையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. இதற்குக் காரணமான சப்1ஏ பரம்பரையலகை 2006இல் பிரித்தறிந்தார்கள். அதைச் சேர்த்த சுவர்ணா-சப்1 நெல் 2009இலிருந்து இந்திய வயல்களில் இருக்கிறது.

சப்1ஏ புரதத்தின் உருவத்தைக் கேட்பவர் முதலில் ஒரு தடையைச் சந்திப்பார். நெல்லின் மாதிரி மரபணுத்தொகை நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய இனத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த இனத்தில் சப்1ஏ பரம்பரையலகே கிடையாது. ஆகவே அதன் புரதத் தொகுதிக்குள் தேடினால் அகப்படாது. வெள்ளம் தாங்கும் இனத்தின் எழுத்து வரிசையை எடுத்து ‘கொலாப்ஃபோல்ட்’ போன்ற சேவையில் ஒட்ட வேண்டும். கணக்கு எங்கோ உள்ள பெருங்கணினிகளில் நடப்பதால் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள மாணவருக்கும் ஓர் உலாவியும் இணையமும் போதும். இந்த அளவுப் புரதத்துக்குச் சில நிமிடங்களில் விடை வந்துவிடும்.

விடையாக வரும் படம் நிறந்தீட்டியிருக்கும். நிறம் அழகுக்கன்று, ஒவ்வொரு அமினோ அமிலத்தின் இடத்திலும் மென்பொருளுக்கு உள்ள நம்பிக்கையை 100க்குக் காட்டுவது. 90க்கு மேல் கடும் நீலம், 70 வரை இளநீலம், 50 வரை மஞ்சள், அதற்குக் கீழே செம்மஞ்சள். சப்1ஏ டீ.என்.ஏ.யைப் பற்றிப் பிற பரம்பரையலகுகளை இயக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் டீ.என்.ஏ.யைப் பற்றும் பகுதி ஏறத்தாழ 60 அமினோ அமில நீளம். மூன்று இழைத் தாளும் அதன்மேல் சாய்ந்த ஒரு சுருளியுமாக நீலத்தில் திடமாக நிற்கும். அதற்கு வெளியே இருபுறமும் செம்மஞ்சள் நாடாக்கள் சுற்றித் திரியும். அந்த நாடாக்களை உருவம் என்று எடுத்துக்கொள்வது பெரும் தவறு. மென்பொருள் அங்கே தனக்குத் தெரியவில்லை என்று சொல்கிறது. பெரும்பாலும் அப்பகுதிகளுக்கு நிலையான உருவமே இருப்பதில்லை. அவற்றின் ஃபை, சை கோணங்களைச் சதுரத்தில் குறித்தால் பல புள்ளிகள் தீவுகளுக்கு வெளியே விழுவதைக் காணலாம். மனிதப் புரதங்களிலும் 70க்கு மேல் நம்பிக்கை கிடைத்தது 58 சதவீத அமினோ அமிலங்களுக்கே.

வெள்ளம் தாங்கும் சப்1ஏ-1க்கும் தாங்காத சப்1ஏ-2க்கும் புரத அளவில் சொல்லப்படும் முக்கிய வேறுபாடு 186ஆம் இடத்தில் உள்ளது: முதலாவதில் செரின், இரண்டாவதில் புரோலின். அது டீ.என்.ஏ.யைப் பற்றும் பகுதிக்கு அப்பால், செம்மஞ்சள் நாடாக்களின் பக்கம் இருக்கிறது. இரு வரிசைகளையும் தனித்தனியே கொடுத்தால் நீலப் பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தும். ஒற்றை எழுத்து மாற்றத்தின் விளைவைக் காட்டுவதில் அல்பாஃபோல்ட் பொதுவாகவே வல்லதன்று. அது நம்பியிருக்கும் வரிசை அடுக்கில் ஓர் எழுத்து மாறினால் மற்ற ஆயிரம் வரிகள் மாறுவதில்லை. செரினில் பொசுபேற்று ஒட்டலாம், புரோலினில் ஒட்ட முடியாது என்பது இரசாயனவியல் அறிந்தவருக்குத் தோன்றும் விளக்கம். எம்.பி.கே.3 என்ற நொதியம் தாங்கும் வகையில் மட்டுமே அவ்வாறு பொசுபேற்றை ஏற்றுகிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். அதை அவர்கள் கண்டது நெற்பயிரை நீரில் மூழ்கவைத்துச் செய்த பரிசோதனைகளில்.